வளைவுல என்ன ஆவும்?

அக்கா ஒரு கடைக்குள் நுழைந்தால், நான் பக்கத்துக் கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி வெளியிலேயே நின்றுவிடுவேன். அப்படி நின்று நின்றே பண்ருட்டிக் கடைத்தெரு முழுக்க எனக்கு மனப்பாடம். எங்கே நின்றாலும் உள்ளேயிருந்து அவள் குரல் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மொதல்லருந்து சொல்லுங்க."

மிக்ஸி வாங்கப் போனாலும் இதுதான். பாங்கியில் பாஸ்புத்தகம் போடப் போனாலும் இதுதான். தெரியாது என்பதை மற்றவர்கள் தொண்டைக்குள் சொல்வார்கள். அக்கா அதைத் தேங்காய் என்ன விலை என்று கேட்கிற குரலில் சொல்வாள். கடையில் நிற்கிறவர்கள் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். அப்புறம், இவளோடு வந்தது யார் என்று என்னையும் தேடிப் பார்ப்பார்கள். என் காது சுடும்.

பெரியவளே, போன வாரம் உன் பள்ளிக்கூடத்தில் உன் காதும் அப்படித்தான் சிவந்திருந்தது. உன் மிஸ் ஏதோ கிரேடு, ஏதோ அசெஸ்மென்ட் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கு முன்னால் போன அப்பா அம்மாக்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான், "புரியலைங்க மிஸ். மொதல்லருந்து சொல்லுங்க" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்ததும் நீ, "அப்பா, அடுத்த தடவ அம்மாவே வரட்டும்" என்றாய். சின்னவனும் உன்னோடு சேர்ந்துகொண்டான். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வெட்கம் எனக்குத் தெரியும். பல வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதனால்தான் அக்காவைப் பற்றி உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அவள் என் பெரியம்மா மகள், உங்களுக்கு அத்தை. உங்களுக்கு விவரம் தெரிவதற்குள் அவள் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டாள். நெய்வேலியில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. "ஜீப்பக்கா" என்றால் தெரியும். நைலக்ஸ் புடவை, அதற்குக் கீழே முழங்கால் வரைக்கும் ரப்பர் கம்பூட்ஸ், புடவைக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டை. அப்படியே அவள் மெயின் பஜாரில் காய்கறி வாங்குவாள். நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு வருவேன்.

ஜீப் அவள் புருஷன், எங்கள் மாமாவுடையது. நிலக்கரி மைன்ஸுக்குள் தேங்குகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் செக்ஷன் ஆட்களை ஏற்றி இறக்குகிற கான்ட்ராக்ட் வண்டி. மாமாவுக்கு முதுகு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கூடப் போயிருந்த நாங்கள் எல்லோரும், "சரிங்க டாக்டர்" என்றோம். அக்கா எழுந்தாள். டாக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"எந்த எலும்புங்க? என் முதுகுல தொட்டுக் காட்டுங்க."

எங்கள் சித்தப்பா சத்தமில்லாமல் வராண்டாவுக்குப் போய்விட்டார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"இங்க போயிட்டா ஜீப்ல குலுங்கலாமா?"

"கூடாதும்மா. இனிமே கூடவே கூடாது."

"சரி. அப்ப நான் ஓட்டிக்கிறேன்."

அதையும் முதலிலிருந்துதான் கேட்டுக் கற்றுக்கொண்டாள். கிளட்ச் எதுக்கு, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்ட கேள்வியில், ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இரண்டு நாள் வராமல் இருந்தார். கடைசியில் முதல் ஷிப்ட் அவள், இரண்டாம் ஷிப்ட் நான் என்று ஆனது. இரண்டு வீட்டு உலையும் அந்த ஒரு ஜீப்பில் கொதித்தது.

உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அக்கா வந்திருந்தாள். வர வேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தைரியம் இல்லை. பண்ருட்டிப் பக்கத்து வீடு என்பதால் தட்டு நிறையப் பலாச்சுளை வைத்தார்கள். பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். பெண்ணுக்குச் சம்மதம் என்று பெண்ணின் அப்பா சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அக்கா சுளையிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டே உள்ளறையைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, ஒனக்கு இவனப் புடிச்சிருக்குதா? இல்ல எல்லாரும் சொல்றாங்கன்னு சொல்றியா?"

பலாச்சுளை எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "அவரு பேசவே இல்லையே. பேசுனாத்தானே தெரியும்" என்றாள். அன்றைக்கு நான் என்ன பேசினேன் என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்காதீர்கள். இன்னும் சிரிக்கிறாள்.

இப்போது டிஃபரன்ஷியல் கதைக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் ஐப்பசி மழையில் ஜீப் மாட்டிக்கொண்டது. மைன்ஸுக்குள் மேலேயிருந்து அடிமட்டத்துப் பம்ப் நிலையத்துக்கு சரிவான ஒரு மண் பாதை இறங்கும். அதன் நடுவில் தண்ணீர் அறுத்துக்கொண்டு போன பள்ளம். அதைத் தாண்டிய உடனே ஒரு வளைவு. வளைவின் வெளிப்பக்கம் மழைத் தண்ணீர் தேங்கிய பெரிய குட்டை. பள்ளத்தின் மேல் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கின. நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் கியர் போட்டும் பிரயோஜனம் இல்லை. அந்தரத்தில் இருந்த சக்கரம் மட்டும் காற்றாடியாகச் சுற்றியது. தரையில் இருந்த முன்சக்கரம் அசையவே இல்லை. பம்ப் ஆட்கள் இறங்கிச் சேற்றில் நடந்தே போனார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் மோட்டாரைத் தொட்டுவிட்டது.

மறுநாள் கான்ட்ராக்டர் அக்காவைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ என் ஆளுங்க நடந்தாங்கன்னா நான் வேற வண்டி வச்சுக்குவேம்மா. தப்பா நெனைக்காத."

எங்கள் மெக்கானிக்கிடம் போனோம். "முன்னாடி டிஃபரன்ஷியல மாத்துக்கா. ஆட்டோமேட்டிக் லாக்கர் போடு. எல்லாரும் அதான் போடுறாங்க" என்றார். முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குடம் மாதிரி தொங்குமே, அதுதான் டிஃபரன்ஷியல். அதற்குள்ளே மாட்டுகிற சாமான் லாக்கர்.

"பள்ளத்துக்கு அப்புறம் வளைவு இருக்குதே. வளைவுல என்ன ஆவும்?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் திரும்பும்கா."

"எப்டித் திரும்பும்?"

"வண்டின்னா திரும்பாதா? என்னாக்கா நீ."

அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே கேள்வி. டீக்கடையில் லாரிக்காரர்களிடம் கேட்டாள். பக்கத்து பிளாக்கில் குடியிருந்த என்ஜினியர் வாக்கிங் போகும்போது மறித்துக் கேட்டாள். எல்லோரும் "அதெல்லாம் திரும்பும்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் நின்ற சாமியாரிடமும் கேட்டாள். கோயில் ஜனம் முழுக்க வெளியே வந்துகொண்டிருந்த நேரம். நான் மாதா சொரூபம் இருக்கிற கெபிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாமியார் சிரித்துவிட்டு, "எனக்கு ஸ்டெப்னி மாத்தக்கூடத் தெரியாதும்மா" என்றார்.

வரும் வழியில் அக்கா சொன்னாள்: "பாத்தியாடா, இந்த ஊர்ல தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு சாமியாருதான்."

அப்புறம்தான் புதுச்சேரிக் கடை. ஜீப்புக்கு விதவிதமான சாமான்களை மாட்டிக்கொடுக்கிற இடம். கண்ணாடிக் கதவு, ஏசி. அக்கா கம்பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். அங்கே யாரும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அன்றைக்கு என்னால் வெளியே நிற்க முடியவில்லை. நானும் டிரைவர், எனக்கும் அதில்தான் சோறு. தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

கடைத் தம்பி நல்ல பையன். "ஃபிரண்ட்டுக்கு மூணு ஆப்ஷன் இருக்குங்க மேடம். லிமிடெட் ஸ்லிப், ஆட்டோ லாக்கர், ஏர் லாக்கர்" என்று ஆரம்பித்து, பாதி இங்கிலீஷில் நிறையச் சொன்னான். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

"அவன் தலைய ஆட்டுறத நம்பாதீங்க தம்பி" என்றாள் அக்கா. "அவனுக்கும் புரியல, எனக்கும் புரியல. மொதல்லருந்து சொல்லுங்க. இந்த டிஃபரன்ஷியல்னா என்ன?"

பிள்ளைகளே, என் சட்டைப்பையில் லைசென்ஸ் இருந்தது. வருஷக் கணக்கில் ஜீப் ஓட்டியிருக்கிறேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். உண்மையாக இருந்ததால் தரை பிளந்தால் தேவலாம் என்று இருந்தது.

தொப்பி போட்ட வாடிக்கையாளர் ஒருவர் திரும்பிச் சிரித்தார். "ஆன்ட்டி, கண்ண மூடிக்கிட்டு ஆட்டோ லாக்கர் போடுங்க. நான் போட்டிருக்கேன். பிச்சுக்கிட்டுப் போவுது."

"எங்கப்பா ஓட்டுற?"

"பீச்சுல, ஆத்துல. லீவு நாள்ல சும்மா."

"அங்க வளைவு உண்டா?"

"பீச்சுல ஏது ஆன்ட்டி வளைவு?"

"எனக்கு இருக்குதுப்பா. பக்கத்துலயே தண்ணி. கண்ண மூடிக்கினா உள்ள போயிருவேன்."

கடைத் தம்பி மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். "மேடம், நீங்களும் அண்ணனும் பக்கத்துல பக்கத்துல நின்னு கையக் கோத்துக்கங்க."

"எதுக்குங்க?" என்றேன். அதுதான் நான் அந்தக் கடையில் வாய் திறந்த முதல் தடவை.

"நில்லுடா" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக் கோத்துக்கொண்டாள்.

நடுவில் டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் ரெண்டு முன்சக்கரம். இந்த டயரச் சுத்தி வாங்க" என்றான். சுற்றினோம். வெளிப்பக்கம் நான், உள்பக்கம் அக்கா. நான் எட்டி எட்டி நடக்க வேண்டியிருந்தது. அவள் அடிமேல் அடி வைத்தாள். "பாத்தீங்களா? வளைவுல ரெண்டு பேருக்கும் ஒரே நடை இல்ல. அத விட்டுக்குடுக்கறதுதான் டிஃபரன்ஷியல். இப்ப ரெண்டு பேரும் ஒரே அளவு எட்டு வைங்க. கைய விடாதீங்க. இதான் லாக்கர்."

ஒரே அளவு எட்டு வைத்தோம். திரும்ப முடியவில்லை. நேராகப் போய், சீட் கவர் தொங்கவிட்டிருந்த ஸ்டாண்டில் முட்டினோம். ஸ்டாண்ட் சாய்ந்து, சீட் கவரெல்லாம் என் தலைமேல் விழுந்தது. கடை மொத்தமும் சிரித்தது. சீட் கவருக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று நினைத்தேன்.

வெளியே அக்காவின் சத்தம் கேட்டது. "அட, சப்பரம்டா இது!"

எங்கள் மாதா திருவிழாவில் மாதாவை வைத்த சப்பரத்தைத் தோளில்தான் தூக்குவோம். தெரு மூலை வந்தால் முன்னால் போகிறவர், "உள்பக்கம் நில்லு, வெளிப்பக்கம் வா!" என்று கத்துவார். உள்பக்கத்துத் தோள்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றும், வெளிப்பக்கத்தார் ஓடுவார்கள். அக்கா அதைக் கடைத் தம்பிக்குக் கை காலை ஆட்டி விளக்கினாள். "எல்லாரும் ஒரே எட்டு வச்சா, மாதா மளிகைக் கடைக்குள்ளதான் போவாங்க!" தொப்பிக்காரர்கூட அருகில் வந்து நின்று கேட்டார்.

"சரி தம்பி, பள்ளத்துல?"

"பள்ளத்துல ஒருத்தரு காலு அந்தரத்துல நிக்குதுன்னு வைங்க. விட்டுக்குடுக்கற டிஃபரன்ஷியல் எல்லா ஓட்டத்தையும் அவருக்கே குடுத்துரும். தரையில நிக்கறவரு சும்மா நிப்பாரு. அங்க ரெண்டு பேரையும் கட்டிப் போடணும்."

"அப்ப பள்ளத்துல கட்டணும், வளைவுல அவுக்கணும்." அக்கா விரலை மடக்கினாள். "அந்த ஆட்டோ என்ன பண்ணும்?"

"ஆக்சிலேட்டர மிதிச்சாக் கட்டிக்கும், விட்டா அவுந்துக்கும்."

"சேத்துல வளைவுலயும் மிதிச்சுக்கினுதானே வரணும்?"

"ஆமா மேடம். அப்ப ஸ்டியரிங் கெட்டியாயிரும். நேராப் போவப் பாக்கும்." அவன் தானாகவே அடுத்ததையும் சொன்னான். லிமிடெட் ஸ்லிப் லேசாகத்தான் பிடிக்கும், அந்தரத்தில் தொங்குகிற சக்கரத்துக்குப் போதாது. ஏர் லாக்கர், சுவிட்ச் போட்டால் காற்று போய்க் கட்டும், எடுத்தால் அவிழ்க்கும். ஆனால் கம்ப்ரஸர் வைக்க வேண்டும், வேலையும் அதிகம், விலையும் அதிகம்.

"காத்துதான்" என்றாள் அக்கா. அப்புறமும் எழுந்திருக்கவில்லை. "சுவிட்ச் போட்டத மறந்துட்டு வளைவுக்கு வந்துட்டா?"

"சிவப்பு விளக்கு எரியும் மேடம்."

"மழைல கண்ணாடியப் பாக்கறதா, ஒன் வெளக்கப் பாக்கறதா? சத்தம் போடறாப்புல எதுனா வையி."

அங்கே இருந்தது கார் ரிவர்ஸில் வரும்போது பாடுகிற ஹாரன் ஒன்றுதான். பொம்மை அழுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். சுவிட்ச் போட்டால் அது கத்த ஆரம்பிக்கும்; எடுக்கிறவரை நிறுத்தாது. அதைத்தான் மாட்டிக்கொண்டு வந்தோம்.

மைன்ஸில் என் மானம் போனது. பழகிப் பார்க்க நான் சுவிட்சைப் போடும்போதெல்லாம் மற்ற டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவார்கள். "ஐஸ் வண்டி வந்துடுச்சுடோய்! எனக்கு ரெண்டு சேமியா ஐஸ்!" ஒருவர் நிஜமாகவே கிண்ணத்தை நீட்டினார். "அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துடலாம்கா" என்று கெஞ்சினேன். "எடுத்துட்டு? வளைவுல நீ கத்துவியா?" என்றாள்.

மழை வந்தது. விடாமல் அடித்தது. முதல் ஷிப்டில் அக்கா என்னையும் வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பின்னால் பம்ப் ஆட்கள். சரிவின் தலைமாட்டில் கான்ட்ராக்டர் குடையோடு நின்றிருந்தார். எதற்காக நிற்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதே பள்ளம். இன்னும் அகலமாக இருந்தது. முன்சக்கரம் அந்தரத்துக்குப் போனது. காற்றில் சுற்றுகிற சத்தம் கேட்டது. பின்னால் ஒருவர் இறங்குவதற்குக் கம்பூட்ஸைச் சரிசெய்தார். அக்கா சுவிட்சைப் போட்டாள். கீ, கீ, கீ என்று அந்த ஹாரன் மைன்ஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அழ ஆரம்பித்தது. ஜீப் ஒரு குலுக்குக் குலுங்கி, யாரோ சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கின மாதிரி பள்ளத்தைத் தாண்டியது. பின்னால் கைதட்டினார்கள். "ஐஸ் வண்டி ஏறிடுச்சு!"

அந்தச் சந்தோஷத்தில் அக்காவும் சிரித்துவிட்டாள். வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினாள். ஜீப் திரும்பவில்லை. குட்டையைப் பார்த்து நேராகப் போனது. தண்ணீர் பக்கத்தில் தெரிந்தது. ஹாரன் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, சத்தம்! சத்தம்!" என்று கத்தினேன்.

அவள் கை சுவிட்சுக்குப் போனது. ஹாரன் நின்றது. ஸ்டியரிங் இளகியது. ஜீப் வளைந்து, குட்டை ஓரத்தை உரசிக்கொண்டு, கீழே போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்டது.

மேலே வந்தபோது கான்ட்ராக்டர், "வண்டி ஓடட்டும்மா" என்றார். அப்புறம் முகத்தைச் சுளித்து, "அந்தச் சத்தம்தான் அசிங்கமா இருக்குது" என்றார். "எடுத்துடறேங்க" என்றாள் அக்கா. "வளைவுல நீங்க வந்து ஒக்காந்துக்கினு கத்துங்க."

வண்டியை நிறுத்திவிட்டு ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள்.

"இப்பயாச்சும் புரிஞ்சுதாடா ஒனக்கு?"

தலையாட்டினேன்.

"ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு."

பின்னால் ராத்திரி ஷிப்ட் முடிந்து கீழேயிருந்து ஏறி வந்த ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காது சுட்டது. "இல்லக்கா. சுவிட்ச் போடுறோம், காத்து போவுது. சரி. அந்தக் காத்து உள்ள போயி எதப் புடிச்சு எதோட கட்டுது? அது எனக்கு அன்னிக்கே புரியல."

அக்கா டீயைக் குடிக்காமல் யோசித்தாள். "அட, ஆமாண்டா. எனக்குந் தெரியாதே."

"அப்ப என்னக்கா பண்றது?"

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் கெளம்பு."

போனோம். அதே கண்ணாடிக் கதவு. உள்ளே அன்றைக்கு நல்ல கூட்டம். வாசலில் ஒரு நிமிஷம் நின்றேன். பக்கத்துக் கடைப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதவைத் தள்ளிக்கொண்டு நான்தான் முதலில் போனேன். நான்தான் கேட்டேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்றேன். கூட்டத்தில் சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவனோடு வந்தது யார் என்றும் தேடிப் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால் அக்கா வெறுங்காலோடு நின்றிருந்தாள். பக்கத்தில் இருந்த ஆளிடம், கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"என் தம்பிதாங்க."